பூனைத் தீனியில் சாம்பல்

எங்கள் வீட்டில் முட்டைகூட உடைத்ததில்லை. பூனை ஒன்று வந்து ஒட்டிக்கொண்ட பிறகு என் மனைவி கண்டுபிடித்த சமரசம்தான் அந்த உலர் தீனி. உள்ளே இருப்பது கோழிதான். ஆனால் 'பிஸ்கெட்' என்று பேர் வைத்துவிட்டால் பாவம் ஒட்டாது பாருங்கள்.

ஒரு நாள் வேலைவெட்டி இல்லாமல் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துத் தொலைத்தேன். புரதம், கொழுப்பு, நார்ச்சத்து, ஈரம். கடைசியில், 'க்ரூட் ஆஷ்'. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். சாம்பல்! அதுவும் சுத்தம் செய்யாத சாம்பல்! பக்கத்திலேயே 'மேக்ஸிமம்' என்று போட்டிருந்தது. அதற்கு மேல் கலக்க அவர்களுக்கே கூச்சமாக இருந்திருக்கும்போல.

பூனை அந்த நேரம் பார்த்துத் தும்மியது. போச்சு, உடம்பெல்லாம் சாம்பல் ஏறிவிட்டது என்று முடிவு கட்டினேன்.

பாக்கெட்டோடு கடைக்கு ஓடினேன். பௌர்ணமி சாயங்காலம், கடை வாசல் வரை கிரிவலம் வந்த ஆட்கள்.

"என்னங்க இது, சாம்பலைக் கலந்து விக்கிறீங்க?"

"எல்லா பாக்கெட்லயும் அது இருக்கும் சார்," என்றார் கடைக்காரர்.

"எல்லாத்துலயுமா!" எனக்குச் சாமியே வந்துவிட்டது. அவருடைய எடைக்கல்லை எடுத்து ஒரு பிஸ்கெட்டை நசுக்கி, அந்தத் தூளை நெற்றியில் மூன்று கோடாக இழுத்தேன். "பாருங்க, விபூதியாவே பூசிக்கலாம்!"

கூட்டம் சிரித்தது. சிரிப்பு எனக்காக என்று நினைத்தேன். என்னைப் பார்த்து என்பது பிறகுதான் உறைத்தது.

அன்றிலிருந்து பூனைக்குத் தயிர்சாதம். தயிரை நக்கிவிட்டுச் சோற்றை விட்டுவிடும்.

"அதுக்கும் விரதமா? ரொம்ப ஜாஸ்தி பண்றீங்க," என்றாள் மனைவி.

"கம்மியா சாப்பிட்டா உடம்பு சுத்தமாகும்," என்றேன், பெரிய டாக்டர் மாதிரி.

சில நாளில் அது ஜன்னல் மேல் தாவுவதை நிறுத்திவிட்டது. கூப்பிட்டால் காதை மட்டும் திருப்பியது. கூடையில் வைத்து வேங்கிக்காலில் இருந்த கால்நடை டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"என்ன குடுக்கறீங்க?"

"தயிர்சாதம் மேடம்."

"உங்களைக் கேக்கலைங்க. பூனைக்கு."

"பூனைக்குத்தான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். சாம்பல் கதையைச் சொன்னேன். நெற்றிக் காட்சியை மட்டும் விட்டுவிட்டேன்.

"யாரும் சாம்பலைக் கலக்கலைங்க. அந்தத் தீனியை எரிச்சா கடைசியில மிஞ்சற கால்சியம், பாஸ்பரஸ் மாதிரி உப்புங்களுக்கு அந்தப் பேர். ஆளை எரிச்சாலும்தான் மிஞ்சும். பாக்கெட்ல முதல்ல இறைச்சி பேர் இருக்கா, புரதம் எவ்ளோ, டாரின்னு ஒரு சத்து இருக்கான்னு பாருங்க. அது இறைச்சியிலதான் கிடைக்கும், தயிர்சாதத்துல கிடையாது. இன்னும் கொஞ்ச நாள் இப்படிப் பட்டினியா விட்டிருந்தா ஈரலே கெட்டுப்போயிருக்கும்."

எரிந்தால் மிஞ்சுவது சாம்பல். மலையையே நெருப்பென்று கும்பிடுகிற ஊரில், தினமும் குளித்ததும் விபூதி பூசிக்கொள்கிற எனக்கு இதை ஒருத்தர் சொல்லவேண்டி வந்தது. பூனை என்னைப் பார்க்கவில்லை. நானும் அதைப் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் அதே கடை. மன்னிப்பு கேட்க வாயைத் திறந்தேன். கடைக்காரர் அதே பாக்கெட்டை எடுத்து வைத்தார்.

"பூனைக்கா சார், நெத்திக்கா?"

"பூனைக்குங்க. அன்னிக்கு நான் பேசினது தப்பு," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

வீட்டில் பிஸ்கெட்டை ஒவ்வொன்றாகக் கையில் வைத்துப் பூனையிடம் நீட்டினேன். ரொம்ப நேரம் மோந்து பார்த்தது. அப்புறம் ஒன்றைக் கடித்தது, 'மொறுக்' என்று. இன்னொன்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது. துடைக்கக் கையைத் தூக்கினேன், பழக்கதோஷம், விரலில் ஒட்டியிருந்த தூளோடு கை நேரே நெற்றிக்குப் போய்விட்டது.

பின்னால் மனைவி சிரிப்பது கேட்டது.