இறக்கம் பார்த்து நிறுத்துகிறவர்

டீ குடிக்க வண்டியை நிறுத்துமுன் மனுவேல் கடையைப் பார்ப்பதில்லை, தரையைப் பார்க்கிறார். கோத்தகிரி கடைவீதியில் நல்ல டீ கிடைக்கிற இடங்கள் எத்தனையோ இருக்க, அவர் போவதென்னவோ கழனித்தண்ணி மாதிரி டீ போடுகிற மூக்கன் கடைக்குத்தான். காரணம், அந்த வாசலில் ரோடு சரிந்து இறங்குகிறது. புல்லட்டின் மூக்கைப் பள்ளம் பார்க்கத் திருப்பி, கியரில் போட்டு, முன்சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். "ஏனுங்க, டீ எப்படி?" என்று மூக்கன் ஒருநாள் ஆசையாகக் கேட்டுவைக்க, "ரோடு நல்லாருக்குதுங்க" என்றாராம்.

அறுபதைத் தொட்டுவிட்ட மனுஷன். தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர்; இலை குவிகிற மாதங்களில் இன்னமும் கூப்பிட்டு அனுப்புகிறார்கள். வண்டி கல்யாணத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். இப்போது வருகிற வண்டிகளுக்கு நேர் எதிர். மருமகன் பிரைட்டனின் புது வண்டியை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தவர், கியர் மாற்றுவதாக நினைத்துப் பிரேக்கை ஓங்கி மிதித்து, பின்னால் வந்த இலை லாரிக்காரரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். "இந்த வண்டிக்குச் சோத்துக் கையி எதுன்னே தெரியில" என்று சொல்லி இறங்கிவிட்டார்.

புல்லட்டை உதைப்பது அவருக்கு ஜெபம் மாதிரி. "முரட்டுத்தனம் ஆகாதுங்க. அதுகிட்டக் கேக்கோணும்" என்பார். சாவியைத் திருப்பிக் கிக்கரை மெல்ல அமுக்க, ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கிற கரண்ட் மீட்டரில் முள் ஆடி நடுவுக்கு வந்து நிற்க வேண்டும். நின்றதும் இடது கைப்பிடியில் இருக்கிற குட்டி லிவரைப் பிடித்து எஞ்சினின் மூச்சை இறக்கி, கிக்கரை இன்னும் ஒரு மயிரிழை தள்ளி, லிவரை விட்டு, அப்புறம் ஒரே உதை. முள்ளைப் பார்க்காமல் உதைத்தால் கிக்கர் எகிறித் திருப்பி அடிக்கும், காலே போய்விடும். அதனாலேயே இன்னொருத்தர் காலை அதில் வைக்க அவர் விட்டதில்லை. மருமகனுக்கும் இல்லை, ஜாவா வைத்திருக்கும் சிநேகிதர் பாண்டியனுக்கும் இல்லை. அவர் உதைக்கும்போதெல்லாம் மனைவி ஜூடித் கைப்பையோடு பக்கத்தில் நின்று அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பார். நிற்கிற நேரத்தில் வேறெதைத்தான் பார்ப்பது!

போன மழைக்காலத்தில் வலது முட்டி மக்கர் பண்ணத் தொடங்கியது. கோயமுத்தூர் டாக்டர், ஓட்டலாம், உதைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். வீங்கின முட்டிக்கு ஒத்தடம் கொடுத்து அலுத்தவர் ஜூடித். வீட்டிலேயே தையல் மிஷின் மிதித்துக் குடும்பத்துக்குத் தோள் கொடுத்த மனுஷி. சட்டென்று எதையும் பேசிவிடுகிறவர் இல்லை.

"இங்க பாருங்க. என்னிக்குச் சமதரையில நின்னு, நீங்களா இதை எடுக்க முடியாமப் போகுதோ, அன்னிக்குச் சாவிய என்ற கையில குடுத்துப்போடோணும். நான் வித்துப்போடுவேன். எனக்கு உங்க காலு வேணும்" என்றார்.

மனுவேல் யோசித்தார். நீலகிரியில் சமதரையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். "சரி அம்மிணி" என்று கையடித்துக் கொடுத்தார்.

அன்றிலிருந்து இறக்கத்தில் உருட்டி, செகண்ட் கியரில் கிளட்சை விட்டு எடுப்பதுதான். சர்ச்சின் முன்வாசல் மட்டமாக இருப்பதால் கல்லறைப் பக்கத்துச் சரிவில் நிறுத்துகிறார். சமதரையான மேட்டுப்பாளையத்தில் மகள் வீட்டுக்குப் போவதென்றால் பஸ். "அண்ணன் சொர்க்கத்துக்குக் கூப்பிட்டாலும், வாசல்ல எறக்கம் இருக்குதான்னு கேட்டுப்போட்டுத்தான் போவாரு" என்று பாண்டியன் கிண்டலடிப்பார். செல்ஃப் ஸ்டார்ட் வைத்துவிடலாமே என்று யாராவது சொன்னால் மனுவேல் முகம் சுண்டிவிடும். சிரிக்கச் சிரிக்கப் பேசினாலும் உள்ளுக்குள் பயம்தான். "வண்டி போச்சுன்னா நானு சும்மா ஒரு கெழவன்தானுங்க" என்று மூக்கனிடம் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்.

இந்தத் தை மாதம் பாண்டியன் மகள் சசிரேகாவுக்குக் கல்யாணம். மண்டபத்து கேட்டுக்கு வெளியே நல்ல சரிவாகப் பார்த்து நிறுத்திவிட்டுப் பந்திக்குப் போனார் மனுவேல். சாப்பிட்டுக் கை கழுவி வந்தால் வண்டியைக் காணோம். ஜூடித்துக்குக் கொடுத்த வாக்கு தெரியாமல், பழைய வண்டிக்காரக் கூட்டம் பாசத்தில் ஒரு காரியம் செய்திருந்தது. புல்லட்டை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து உருட்டிப் போய், மண்டபத்துக்குப் பின்னாலிருந்த ஷட்டில் கோர்ட்டில் தங்கள் வண்டிகளோடு வரிசையாக நிறுத்திவிட்டார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் முன்னால் நிற்க, எல்லா வண்டியும் ஒன்றாக உறுமும்போது படம் எடுக்க வேண்டுமாம். "அண்ணனுதுதான் நடுவுல நிக்கோணும்" என்றார் பாண்டியன் பெருமையாக. சிமெண்ட் தரை. கோலிக்குண்டை வைத்தாலும் உருளாது.

ஜாவா எடுத்தது, யெஸ்டி எடுத்தது, ராஜ்தூத் எடுத்தது. மனுவேல் ஏறி உட்கார்ந்து முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து உதைத்தார். பாதியிலேயே முட்டி விட்டுக்கொடுத்துவிட்டது. வலி இடுப்புவரை ஏறியது. "தள்ளட்டுங்களாண்ணா?" என்று பாண்டியன் இறங்கி ஓடி வந்தார். நாலு பேர் தள்ளினால் எடுத்துவிடும்தான். ஆனால் பேச்சு அப்படி இல்லையே. நீங்களா எடுக்க முடியாமல் போனால் என்பதல்லவா கொடுத்த வாக்கு? மனுவேல் வேண்டாமென்று தலையாட்டினார். சாவியை உருவி, கோர்ட் ஓரத்தில் நின்ற ஜூடித்தைப் பார்த்து நீட்டினார்.

"இந்தா அம்மிணி."

ஜூடித் வந்து சாவியை வாங்கினார். மனுவேலின் முகத்தைப் பார்த்தார். பிறகு சாவியை வண்டியிலேயே திரும்பப் போட்டுத் திருப்பினார். கைப்பையை டேங்கின் மேல் வைத்துவிட்டு, பட்டுச்சேலைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு வலப்பக்கம் வந்தார்.

"விக்கிறது இருக்கட்டுங்க. காலை அக்கட்ட எடுங்க" என்றார்.

யார் காலையும் அண்டவிடாத மனுவேல், முட்டியை மெல்ல ஒதுக்கி இடம் விட்டார். பின்சீட்டில் உட்காரும்போது பிடிப்பதுபோலவே அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, மிஷின் மிதித்துப் பழகிய காலால் ஜூடித் கிக்கரை நிதானமாக அமுக்கினார். முள் ஆடி வந்து நடுவில் நின்றது. இடது கைவிரலால் லிவரைப் பிடித்துக்கொண்டு மனுவேல் காத்திருந்தார்.