கான் என்று எழுதப்பட்ட ஓடை

கொழும்பில் ஒரு பயிற்சி முடிந்து திரும்பும் பஸ்ஸில் மரணச் செய்தி வந்தது. அலுவலக வாட்ஸப் குழுவில் ‘பௌசியா மிஸ் மௌத்’ என்று மூன்றே சொற்கள். அலுவிகாரையில் அவர் வீட்டை அடைந்தபோது ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துவிட்டார்கள். உள்ளே பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். “நீங்க யாரு மக?” என்று ஒருவர் கேட்டார். “ஒரே ஒபீஸ்” என்றேன். ஐந்து வருடங்களை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

பௌசியா எங்கள் பிரதேச சபையில் சுற்றாடல் வேலைகளைப் பார்த்தவர். அலுவலகத்தில் உங்களுக்கெல்லாம் அவர் மிஸ். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் எனக்கு அக்கா முறையில் ராத்தா. பக்கத்து மேசையில் சபையின் தமிழ்ப் பிரதிகளைத் தயாரிப்பது என் வேலை. அந்த அலுவலகத்தில் நான் பகல் சோறு பகிர்ந்துகொண்டது அவரோடு மட்டும்தான்.

கடைகளுக்குப் பின்னால் ஓடி, மரக்கறித் தோட்டங்களுக்குள் இறங்கும் ஓடையை உங்களுக்குத் தெரியும். மருந்தடிக்கும் டாங்கிகளைத் தோட்டக்காரர்கள் அதில்தான் கழுவுவார்கள். ஒருநாள் ராத்தாவோடு நானும் போயிருந்தேன். தோட்டக்காரர் ஒருவர் கோபமாகக் கேட்டார். “டவுன்காரங்க கக்கூஸ் தண்ணிய விடுறாங்க. எங்க மருந்து மட்டுந்தான் மிஸ்ஸுக்குக் கண்ணுல படுதா?”

“ரெண்டும் படுது. நீங்க சொன்னாக் கேப்பீங்கன்னு மொதல்ல இங்க வந்தேன். ஒங்க வீட்டுக் கிணறு எந்தப் பக்கம்?”

அவர் கரைப் பக்கம் கையைக் காட்டினார். கிணறு ஓடையை ஒட்டியே இருந்தது. அதோடு விட்டுவிடுகிறவர் அல்ல ராத்தா. “கழுவாதேன்னு சொல்றதுக்கு முன்ன, எங்க கழுவுறதுன்னு சொல்லணும்” என்பார். இரண்டு மாதம் சபையில் நச்சரித்து, கரையிலிருந்து தள்ளி ஒரு குழாயும், கழுவிய நீர் ஓடைக்குப் போகாதபடி ஒரு தொட்டியும் கட்டவைத்தார்.

அடுத்து வந்ததுதான் துணைவிதி. சபைப் பகுதியின் ஓடைகளுக்கு இரு கரையிலும் ஒதுக்கு நிலம் விட வேண்டும், கழிவுநீர்க் குழாய் எதையும் ஓடைக்குள் விடக்கூடாது என்பது அதன் சாரம். எந்தெந்த ஓடைகள் என்று கடைசியில் ஒரு பட்டியல். கடைகளுக்குப் பின்னால் ஓடும் அந்த ஓடை சிங்களப் பிரதியில் சரியாக ‘எல’, அதாவது ஓடை, என்றே இருந்தது. தமிழ்ப் பிரதியில் ‘கடைவீதிக் கான்’ என்று இருந்தது. கான் என்றால் கழிவுநீர் வடிகால்; ஆனாலும் ஊரில் எல்லோரும் அந்த ஓடையை அப்படித்தான் சொல்கிறோம்.

வாகனம் கழுவும் இடமொன்றை நடத்தும் முதலாளி, கூட்டத்தில் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினார். “நீங்களே கான்னு எழுதியிருக்கீங்க. கழுவுற தண்ணிய கானுக்கு விடாம தலையிலயா ஊத்திக்கிறது?”

சபை சிரித்தது. ராத்தா மட்டும் எழுந்தார்.

“கான்ல மீன் இருக்குமா முதலாளி?”

“இருந்தாப் புடிச்சு ஆக்கித் தாங்க மிஸ்.”

“ஆக்கித் தாறேன். ஒங்க எண்ணெய் கலந்த தண்ணியில புடிச்சது, நீங்கதான் மொதல்ல சாப்பிடணும்.”

மறுபடியும் சிரிப்பு. ஆனாலும் தாளில் இருந்தது கான்தான். கானுக்கு ஒதுக்கு நிலம் கிடையாது. அந்த ஒரு சொல்லால் ஓடை கைவிட்டுப் போயிருக்கும், கீழேயுள்ள கிணறுகளும்தான். “இது ஒபீஸ் பிழை. பிரதியப் பார்த்து ஒப்பம் வச்சது நான். நானே திருத்துறேன்” என்றார் ராத்தா. மறுமாதம் திருத்தம் நிறைவேறியது. முதலாளி எண்ணெய் பிரிக்கும் தொட்டி கட்டினார். அந்தப் பிழைக்காகச் சபையில் ராத்தாவிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். அந்த வருடம் அவருக்கு வரவிருந்த பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது.

விளக்கக் கடிதத்தை என்னிடமே தட்டச்சுக்குத் தந்தார். “இந்தத் தடவையாவது சரியா அடி, தங்கச்சி” என்றார். தட்டச்சை நிறுத்தினேன். போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். “ஒனக்கு இன்னும் வேல நிரந்தரமாகல்ல. பேசாம இரு. பொறகு சொல்லிக்கலாம்.”

நிரந்தரமான பிறகும் நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. தினமும் சோற்றில் பாதியை என் பக்கம் தள்ளிவைத்தார்.

இப்போது அந்த மேசையில் பழைய கோப்புகளை அடுக்கியிருக்கிறார்கள். நான் தனியே சாப்பிடுகிறேன். அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தக் கடிதத்தின் பிரதி ஒன்றுதான். ‘கவனக்குறைவு என்னுடையது’ என்ற வரிக்குக் கீழே அவர் கையெழுத்து. அவரோடு வேலை செய்த உங்களுக்கு இதைச் சொல்லவே எழுதுகிறேன்: கான் என்று எழுதியது நான்.