யான் கடற்கரையில் ஒரு கையெழுத்து

மார்க்கர் பேனாவின் மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நெடி... அதோடு யான் என்ற ஊரின் கடற்கரைச் சேற்று வாடை, யாரோ காலில் தேய்த்துக்கொண்ட தைலம். எங்கள் பந்தய நாள்களின் வாசனை அதுதான்.

சுங்கைப் பட்டாணியில் இருந்த எங்கள் டிரையத்லான் கிளப்பில் அப்போது இருபது பேர்கூட இல்லை. நீச்சல், சைக்கிள், ஓட்டம், மூன்றையும் இடைவிடாமல் செய்து முடிக்க வேண்டும். தொழிற்சாலை டெக்னீஷியன்கள், ஒரு பள்ளி ஆசிரியர், தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒருவர், பிறகு என் கணவர் ஜோசப். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், ஐம்பத்தெட்டு வயதில் சேர்ந்தார்.

நான் நேரம் குறிப்பவள். கான்வென்டில் சிஸ்டர்கள் நான்கு கோடு நோட்டில் பழக்கிய கையெழுத்து என்னுடையது. அதனால் ஒவ்வொருவர் கையிலும் பந்தய எண்ணை எழுதும் வேலையும் என்னிடமே வந்தது.

"ஆன்ட்டி எழுதினா அச்சடிச்ச மாதிரி இருக்கும் லா," என்பான் குமார். எங்களில் இளையவன், வாயாடி.

பயிற்சி நாள்களில் திகாம் பத்து சாலையில் அவர்கள் சைக்கிளில் போக, நான் வாழைப்பழமும் தண்ணீரும் ஏற்றிய காரில் பின்னாலேயே போவேன். முடிந்ததும் ஒரு கடையில் ரொட்டி சானாய் பசியாறுவோம். ஜோசப்தான் எப்போதும் கடைசி.

"பின்னால யாரும் தொலஞ்சி போயிடாம பாத்துக்கிட்டு வர்றேன்," என்பார்.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் இருந்தது. சைக்கிள் ஓட்டத்துக்குக் குறித்த நேரம் தாண்டி வருபவர் அங்கேயே நிற்க வேண்டும். என் தாளில் தன் பெயருக்கு எதிரே, நான் எழுதிய நேரத்தின் பக்கத்தில், அவரே கையெழுத்துப் போட வேண்டும். பிறகு யாரும் வாதாட முடியாது. அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவள் நான்தான். ஒரு வருடம் குமாரையே பன்னிரண்டு விநாடிக்காக நிறுத்தினேன். இரண்டு வாரம் என்னிடம் பேசவில்லை.

யான் பந்தயத்தை ஜோசப் இரண்டு முறை பாதியில் விட்டிருந்தார். மூன்றாம் முறை போவதற்கு முன்பே வீட்டு ஹாலில் ஒரு ஆணி அடித்துவிட்டார்.

"மெடலோட ஒரு போட்டோ, ஸ்டெல்லா. இங்கதான் மாட்டணும்."

"மொதல்ல முடிச்சிட்டு வாங்க," என்றேன்.

பந்தயம் ஞாயிறு என்பதால் சனிக்கிழமை மாலையே பூசைக்குப் போய்வந்தோம். காலையில் அவர் கையில் எண் எழுதினேன். 47. நீச்சல் நன்றாகத்தான் போனது. சைக்கிளுக்குக் கெடு பத்தரை மணி. ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். ஜெராய் மலையில் மேகம் இறங்கியிருந்தது. நான் வயல் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தரை ஆனது. ஆள் இல்லை.

பிறகு வந்தார். வலது கால் ஏதோ அலட்சியமாக மிதிப்பதுபோல் எனக்குப் பட்டது. கடைசி நேரத்தில்கூட என்ன இந்த மெத்தனம் என்று எரிச்சல் வந்தது. கோட்டைத் தொட்டபோது கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது விநாடி தாமதம்.

"எறங்குங்க," என்றேன்.

"ஸ்டெல்லா, ஓட்டம் மட்டுந்தான் பாக்கி. நடந்தாவது முடிச்சிர்றேன்."

அந்த வருடம் காயத்தால் போட்டியில் இறங்காமல் எனக்கு உதவியாக நின்ற குமார் நெருங்கி வந்தான். "விடுங்க லா ஆன்ட்டி. நம்ம அங்கிள்தானே... கண்ண மூடிக்கிங்க."

"நம்ம அங்கிள்ங்கிறதாலதான் மூட முடியாது. உன்ன பன்னெண்டு செகண்டுக்கு நிறுத்தினேனா இல்லையா?"

ஜோசப் சைக்கிளைக் குமார் கையில் கொடுத்துவிட்டுத் தாளை வாங்கினார். கையெழுத்துப் போட்டார். எழுத்துகள் கோட்டை விட்டுச் சரிந்து கீழே இறங்கின.

"எத்தன பேர் பாக்கிற தாளு... ஒழுங்கா போடக் கூடாதா? இதுலயா கோவத்த காட்டுறது?" என்றேன்.

அவர் தன் விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கோவம் இல்ல, ஸ்டெல்லா," என்றார். அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் காரை நான் ஓட்டினேன். குருண் ஊரைத் தாண்டும்போது, "நீ செஞ்சது சரிதான். நான் லேட்டு," என்றார். அதன்பின் அவர் பந்தயத்துக்குப் போகவில்லை.

மூன்று மாதம் கழித்துத் தேநீர்க் கோப்பை அவர் கையிலிருந்து நழுவியது. மூளையில் கட்டி. அடுத்த ஈஸ்டருக்கு அவர் இல்லை.

இப்போது கிளப்பில் இருநூறு பேர். கணுக்காலில் சிப் கட்டிக்கொள்கிறார்கள். கோட்டில் விரித்திருக்கும் பாயை மிதித்தால் இயந்திரமே நேரத்தைப் பதிந்துவிடுகிறது. யாரும் யார் முகத்தையும் பார்த்து இறங்கு என்று சொல்ல வேண்டியதில்லை. எண்கூட ஸ்டிக்கர்தான்...

போன வாரம் குமார் வீட்டுக்கு வந்தான். இப்போது அவன்தான் கிளப்பின் தலைவர், தலை பாதி நரைத்துவிட்டது. கையில் இந்த ஆண்டு யான் பந்தயத்தின் மெடல்.

"அங்கிளுக்கு, ஆன்ட்டி. கமிட்டில எல்லாரும் சம்மதிச்சாச்சு. அந்த ஆணி சும்மாத்தானே இருக்கு."

"அவர் முடிக்கலப்பா," என்றேன். "முடிக்காத மெடல அவரே மாட்ட விட மாட்டாரு."

அவன் முகம் வாடியது. நான் உள்ளே போய் அந்தத் தாளை எடுத்துவந்து அவன் முன் விரித்தேன். சரிந்து இறங்கும் அந்தக் கையெழுத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அது கோபத்தில் சரிந்த எழுத்தல்ல என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

இதுவரை யாரிடமும் சொல்லாததை அன்று அவனிடம் சொன்னேன். உங்களிடமும் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையில் டாக்டர் என்னிடம் கேட்டார், கை கால் தடுமாற்றத்தை முதலில் எப்போது கவனித்தீர்கள் என்று. எனக்குத் தெரியும். ஜோசப் பக்கத்தில் கட்டிலில் படுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியா ஞாபகம் இல்ல, டாக்டர்," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி முப்பது நிமிடம் நாற்பது விநாடி. என் கையாலேயே எழுதிவைத்திருக்கிறேன்.