சாரதி அண்ணையின் வீட்டு விமானம்

முதலில் ஒரு மன்னிப்பு. என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் எழுதித் தாருங்கள் என்று பல தடவை கேட்டதால் எழுதுகிறேன். அச்சில் ஏற்றுபவர் திருத்திக்கொள்ளட்டும்.

வேலணைத் தீவில் கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். ரேடியோ திருத்தப் பழகி, ரிவி என்கிற தொலைக்காட்சிப் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து இதற்கு வந்தவன். ஆங்கிலம் வாசிக்க வராது. திரையில் எந்தப் பெட்டியை அமத்தினால் என்ன திறக்கும் என்று தெரியும். கதைப்பதும் குறைவு. “இதை வாங்கலாமோ?” என்று யாராவது கேட்டால், “பாத்துச் சொல்லுறன்” என்பதோடு என் பேச்சு முடிந்துவிடும். பொருளை அவர்கள் வீட்டிலேயே பொருத்தி, வாங்குகிற ஆளை அதன் முன்னால் இருத்திப் பார்க்காமல் நான் பதில் சொல்வதில்லை. எங்கள் உப்புக் காற்றையும் ஏறி இறங்கும் கரண்ட்டையும் தாங்குமா என்று பெட்டியில் எழுதியிருக்காது.

1. ரிவியா, பிளேனா

ஊரில் சாரதி அண்ணை என்றால் ஐயாத்துரை அண்ணைதான்; ஆயுள் முழுக்க யாழ்ப்பாணம் பஸ் ஓட்டியவர். நீரிழிவால் ஒரு கண் மங்கிப்போனது. இனி ஒரு வாகனமும் ஓட்டக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதன்பிறகு காலையில் சந்தி பஸ் தரிப்பிடத்தில் போய் இருப்பார். மத்தியானம் வீட்டுக்கு வந்து, பேசாமல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் போய் இருப்பார்.

ஒரு நாள் அவரும் மனைவி பூமணி அக்காவும் கடைக்கு வந்தார்கள். பெரிய ரிவி வாங்கச் சொல்லி மகன் கனடாவிலிருந்து சொல்லியிருக்கிறான். அண்ணைக்கு வேண்டியது வேறு. கொம்பியூட்டரில் விமானம் ஓட்டும் சாமான். யூடியூப்பில் பார்த்திருக்கிறார்.

“கார் ஓடக்கூடாதெண்டு டொக்டர் சொன்ன மனிசன் பிளேன் ஓடப்போறாராம். கண்டறியாத பிளேன்!” என்றார் அக்கா.

“பஸ் ஓடுற கேமும் இருக்கு, அண்ணை” என்றேன்.

“பஸ் நான் ஓடின ஆள். அதைப் பொய்க்கு ஓடமாட்டன். பிளேன் எனக்குத் தெரியாது. அது பொய்யெண்டும் தெரியாது.”

அண்ணை வெளியே போனபிறகு அக்கா குரலைத் தாழ்த்தினார். “தம்பி, இந்த மனிசன் வீட்டில வாய் திறக்கிறேல்லை. பின்னேரத்தில சுவரோட இருக்கிற மாதிரிக் கிடக்கு. ரிவி எண்டாலும் கதைக்கும். நீர் வேண்டாமெண்டு சொல்லும். நீர் சொன்னால் கேப்பார்.”

அண்ணை திரும்பி வந்து, “அப்ப என்ன மாதிரி? வாங்கலாமோ?” என்றார்.

நான் “பாத்துச் சொல்லுறன்” என்றேன்.

2. பஸ் ஓடின கால்

யாழ்ப்பாணத்தில் எனக்குப் பழக்கமான ஒரு கடைக்காரர், யாரோ பாவித்த விமானச் செற் ஒன்றைப் பார்த்துவிட்டுத் தரும்படி தந்தார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் திருப்பிக் கொடுக்க வேண்டும். விமானத்தின் ஸ்ரியறிங்குக்கு யோக் என்று பெயர். அதைத் திருப்பினால் சரியும், இழுத்தால் மூக்கு உயரும். காலுக்குக் கீழே இரண்டு பெடல். இடதை மிதித்தால் இடப்பக்கம், வலதை மிதித்தால் வலப்பக்கம் மூக்கு திரும்பும். நிலத்தில் ஓடும்போது பெடலால்தான் திருப்ப வேண்டும். யோக்குக்கு அங்கே வேலையில்லை.

படம் தடங்காமல் ஓட, என் கடையில் கிடந்த நல்ல கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி, வீட்டில் மகன் விட்டுவிட்டுப் போன கொம்பியூட்டரில் போட்டேன். கரண்ட் நின்றாலும் தாங்கும் யூபிஎஸ்ஸும் பூட்டினேன். பலாலி விமான நிலைய ஓடுபாதையில் ஒரு சின்ன விமானத்தை நிறுத்திக் கொடுத்தேன்.

அக்கா குசினி வாசலில் நின்று நிபந்தனை போட்டார். “ஞாயிற்றுக்கிழமைக்குள்ள ஒருக்காவெண்டாலும் உடையாமல் இறக்கிக் காட்டட்டும். இல்லாட்டி ரிவிதான்.”

அண்ணை யோக்கை பஸ் ஸ்ரியறிங் போல முழுச் சுற்றுச் சுற்றப் பார்த்தார். விமானம் நேரே புல்லுக்குள் போனது.

“தம்பி, ஸ்ரியறிங் பிழை.”

“ஸ்ரியறிங் சரி, அண்ணை. பெடலால திருப்புங்கோ.”

எப்படியோ மேலே எழும்பினார். மேலே போனதும் ஆளே வேறு. கை அவ்வளவு மெதுவு. யாழ்ப்பாணத்தைத் தீவோடு இணைக்கும் பண்ணைப் பாலத்துக்கு மேலே வந்ததும் திரையைத் தொட்டுக் கத்தினார்: “பூமணி! இஞ்ச வந்து பாரும்! என்ர றோட்டு!” கடலுக்கு நடுவே அந்த வீதியைப் பிடித்துக்கொண்டே வேலணைச் சந்தி வரை வளைவு வளைவாக வந்தார்.

இறங்குவதுதான் ஏலவில்லை. சக்கரம் நிலத்தில் பட்ட உடனே அவருடைய வலது கால் பிரேக் என்று நினைத்து ஒரே மிதி மிதிக்கும். விமானம் வலப்பக்கம் சுழன்று வேலியில் போய் விழும். வெள்ளி விழுந்தது, சனி விழுந்தது. பயணிகளை விழுத்தாமல் ஆயிரம் தரம் பஸ்ஸை நிப்பாட்டிய கால். அது என் சொல்லைக் கேட்குமா?

“பெடல் இல்லாமலும் ஓடலாம், அண்ணை. அதைக் கொம்பியூட்டரே பாத்துக்கொள்ளும்” என்றேன்.

“அப்ப நான் என்னத்துக்கு?” என்றார்.

3. இரண்டு கதிரை

ஞாயிறு மத்தியானம் திரும்பவும் விழுந்தது. அண்ணை யோக்கிலிருந்து கையை எடுத்தார். “கழட்டும், தம்பி” என்றுவிட்டு, சந்திக்குப் போகச் சால்வையை எடுத்தார். நான் வயரைக் கழற்றக் குனிந்தேன்.

அப்போது அக்கா உள்ளேயிருந்து சத்தம் போட்டார். “உப்பிடி உலக்கை போட்டது மாதிரி மிதிச்சால் எந்தச் சாமான் நிக்கும்? நான் உப்பிடி மிதிச்சிருந்தால் என்ர மெசினில ஊசி ஒண்டும் மிஞ்சியிராது.”

சுவரோரம் அவருடைய கால் தையல் மெசின் நின்றது. ஊரில் பாதிப் பேரின் சட்டை அதில் தைத்ததுதான். எனக்கு அப்போதுதான் புத்தியில் பட்டது. பெடலுக்குத் தனி வயர். எங்கே வைத்தாலும் அது வேலை செய்யும்.

நான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாடிக்கையாளருக்கு உத்தரவு போட்டேன். “அக்கா, இன்னொரு கதிரை கொண்டு வாங்கோ. கையும், வேகம் கூட்டிக் குறைக்கிற திரொட்டிலும் அண்ணை. கால் நீங்கள்.”

“விசரே உமக்கு?”

“ஒருக்கா இருங்கோ.”

நாற்காலியை இழுத்துப் போட்டு இருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் பெடலைத் தடவிப் பார்த்தார். ஓடுபாதையில் விமானம் நூல் பிடித்ததுபோல ஓடி எழும்பியது. அண்ணை அக்காவின் காலைப் பார்த்தார்.

பலாலிக்குத் திரும்பி வரும்போது காற்று பக்கத்தால் அடித்தது.

“கொஞ்சம் இடம், பூமணி. இடம்... காணும், போதும்.”

“உங்கட கால் ரெண்டையும் கதிரைக்குக் கீழ மடக்கி வையுங்கோ!”

“மடக்கித்தான் கிடக்கு! இப்ப வலம். மெல்ல!”

“மெல்லத்தான்! கத்தாதையுங்கோ!”

சக்கரம் பட்டது. ஒரு துள்ளு. அக்காவின் கால்விரல்கள் இரண்டு பெடலின் நுனியையும் சேர்த்து மெதுவாக அமத்தின. பிரேக் அங்கேதான். விமானம் வெள்ளைக் கோட்டில் நேரே நின்றது.

பிறகு அண்ணை எழும்பி, முன் கதவைத் திறக்கும் பஸ் சாரதிபோல கையை நீட்டி, “எல்லாரும் இறங்கலாம்!” என்றார். அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் வேலியால் எட்டிப் பார்த்தார்.

“அப்ப தம்பி, வாங்கலாமோ?” இம்முறை கேட்டது அக்கா.

“வாங்குங்கோ, அக்கா. பெடலோட வாங்குங்கோ. கிராபிக்ஸ் கார்டும் யூபிஎஸ்ஸும் கட்டாயம். மேசை மட்டும் அகலமா இருக்கோணும், ரெண்டு பேர் இருக்கிறதுக்கு.” என் ஆயுளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை.

ரிவி அந்த வீட்டுக்கு இன்னும் வரவில்லை. மகன் கனடாவிலிருந்து போன் எடுத்தால், “பிளேன் இறங்கட்டும், பிறகு எடு” என்று அக்கா வைத்துவிடுகிறார். பின்னேரத்தில் அந்தச் சின்ன ஒழுங்கைப் பாதையால் போனால் “இடம்! வலம்!” என்று சண்டை றோட்டுக்குக் கேட்கும். சந்தித் தரிப்பிடத்தில் அண்ணை இருந்த இடத்தில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள்.

பிள்ளைகளே, ஒரு பொருள் வாங்கலாமா என்று ஒருவர் கேட்டால், பொருளைக் கழற்றிப் பார்ப்பது பாதி வேலை. அந்த வீட்டில் இன்னொரு கதிரை எங்கே கிடக்கிறது என்றும் பாருங்கள்.

வேலணை, தைப்பூசத்துக்கு மறுநாள் எழுதி முடித்தது.