காத்திருந்தவனின் கறுப்பு மீசை

என் மகள் வயிற்றுப் பேத்தி கல்லூரியில் விஸ்காம் படிக்கிறாள். படம் எடுப்பது, நடிப்பது, தொலைக்காட்சி நிகழ்ச்சி தயாரிப்பது எல்லாம் அதில் பாடம். அவள் சேர்ந்தபோது, "படம் பாக்குறதுக்கு ஃபீஸ் வேற கட்டணுமாக்கும்?" என்று கேட்டவன் நான்தான். கல்லூரியில் முப்பது வருடம் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவன். அவள் சளைக்கவில்லை. "செத்துப்போன ராசாக்களப் பத்திப் படிக்கக் கட்டலையா தாத்தா?" என்றாள். அப்போதே வாயை மூடியிருக்கலாம்.

கடைசி வருடத்தில் ஆளுக்கொரு குறும்படம் எடுத்துக் காட்ட வேண்டும். அவற்றில் ஒன்றைக் கல்லூரி வெளியூர்ப் போட்டிக்கு அனுப்பும். அது தன் படமாக இருக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. கதை சின்னது. கடலுக்குப் போன மகனுக்காக ஒரு தகப்பன் ஜெகதாப்பட்டினம் துறைமுகத்தில் காத்திருக்கிறான். படகு வருகிறது. மகன் அதில் இல்லை. அப்போது அந்தத் தகப்பனின் முகம். அதோடு படம் முடிகிறது.

அந்த வேடத்தைப் போட அங்கே யாரும் சம்மதிக்கவில்லை. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டுப் போனவர்களுக்காக நிஜமாகவே காத்திருக்கும் வீடுகள் உள்ள ஊர் அது. "வேற என்ன வேசம்னாலும் போடுறேன் தாயி, இது மட்டும் வேணாம்" என்று ஒரு பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாராம். அதனால் வேடம் எனக்கு வந்தது. வசனம் கிடையாது. "ஒங்களுக்கு வசனம் குடுத்தா லெக்சர் எடுத்துருவீங்க" என்றாள்.

கல்லூரிக் கேமரா இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்குத்தான் கிடைத்தது. முதல் ஞாயிறு முழுக்க உட்கார்ந்தேன், நடந்தேன், கடலைப் பார்த்தேன். ஒரு வாரத் தாடி, நரைத்த மீசை, கைலி, தோளில் துண்டு. மீன்கூடையோடு போன ஒரு பெண் நின்று பார்த்தாள். "கடலப் பாக்குற பார்வையா இது? பரிச்சையில காப்பியடிக்கிற பிள்ளையப் பாக்குற மாதிரில்ல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். கேமரா பிடித்த பையன் குலுங்கிச் சிரித்ததில் அந்த ஷாட்டைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று.

மாலையில், எடுத்ததையெல்லாம் சின்ன மானிட்டரில் போட்டுக் காட்டினார்கள். ஐஸ் பிளாண்ட் ஆள் ஒருவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "பொருத்தமான ஆளத்தான் பிடிச்சிருக்கீங்க. பெரியவரு நல்லா ஒடஞ்சு போயிருக்காருல்ல" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். நான் திரையைப் பார்த்தேன். கழுத்துத் தோல் தொங்கியது. கன்னம் குழி விழுந்திருந்தது. வீட்டுக் கண்ணாடியில் தினமும் பார்க்கிற ஆள் இவ்வளவு கிழவன் இல்லை.

கடைசி முக ஷாட் அடுத்த ஞாயிறுக்கு மீதி இருந்தது. கிளம்பும்போது பேத்தி படித்துப் படித்துச் சொன்னாள். "தாத்தா, அடுத்த ஞாயிறு வரைக்கும் தலையில, மூஞ்சில கை வைக்கக் கூடாது. தாடிய நானே வந்து ட்ரிம் பண்ணிக்கிறேன். இல்லாட்டி கண்டினியூட்டி போயிரும்." கண்டினியூட்டி என்னவென்று எனக்குத் தெரியும். இன்று எடுத்ததும் அடுத்த வாரம் எடுப்பதும் திரையில் ஒரே நாளாகத் தெரிய வேண்டும். ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று இங்கே சொல்ல முடியாது.

புதன்கிழமை சலூனுக்குப் போய்த் தாடியை மழுங்க மழித்து, தலைக்கும் மீசைக்கும் டை அடித்துக்கொண்டேன். தெருவில் இறங்கியதும் பயம் பிடித்துக்கொண்டது. காரணம் வேண்டுமே. வல்லத்திராக்கோட்டையில் தூரத்துச் சொந்தத்தில் ஒரு கல்யாணம் இருந்தது. போவதாக இல்லை. வெள்ளிக்கிழமை போய், மாப்பிள்ளை பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு வந்தேன். ஒரு பொய்க்காக இவ்வளவு உழைத்ததை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

ஞாயிறு காலை துறைமுகத்தில் என்னைப் பார்த்ததும் பேத்திக்குப் பேச்சு வரவில்லை. கேமரா பையனுக்கு வந்தது.

"தாத்தா, மகனத் தேடி வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?"

"சொந்தக்காரங்க கல்யாணம்ப்பா. தாடியோட போனா நல்லாவா இருக்கும்?" என்று சொல்லி, யாரும் கேட்காமலே போட்டோவையும் காட்டினேன்.

பேத்தி போட்டோவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பவுடரைக் குழைத்து மீசையில் பூசினார்கள். வெயிலில் வியர்த்து, பவுடர் கரைந்து வாய்க்குள் ஒழுகியது. மீசை கறுப்பாகவே நின்றது. அதே மீன்கூடைப் பெண் மறுபடியும் வந்து பார்த்தாள். இந்த முறை வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். கடைசியில் என் தலையில் துண்டைப் போட்டு, முதுகுப் பக்கமிருந்து எடுத்து முடித்தார்கள். முகம் இல்லாமலே படம் முடிந்தது.

கல்லூரியில் படங்களைத் திரையிட்ட அன்று பெற்றோர் வரிசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். அவளுடைய படம் முடிந்ததும் ஆசிரியர் எழுந்தார்.

"படம் முழுக்க அந்த முகத்துக்காகத்தானே நாங்களும் காத்திருக்கோம். கடைசியில அதக் காட்டலையே, ஏம்மா?"

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "என் தப்பு சார். சரியா பிளான் பண்ணல."

'யார் செய்தது, எழுந்து நில்' என்று முப்பது வருடம் வகுப்பில் அதட்டியவன் நான். எழுந்து நிற்கவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போட்டிக்கு வேறொரு பிள்ளையின் படம் போயிற்று.

திரும்பி வரும் பேருந்தில்தான் சொன்னேன். "ஏத்தா, கல்யாணத்துக்காக டை அடிக்கல. அந்த மானிட்டர்ல என்னையப் பாத்தேன். பிடிக்கல."

"தெரியும்."

"எப்புடி?"

"அன்னைக்கி நீங்க ஸ்கிரீனப் பாத்தீங்க. நான் ஒங்களப் பாத்தேன். அந்த மூஞ்சிதான் தாத்தா கடைசி ஷாட்டுக்கு வேணும்னு நெனச்சேன். அடுத்த ஞாயிறு எப்படியும் ஒங்ககிட்ட அத வாங்கிரலாம்னு…"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"கல்யாணச் சாப்பாடாச்சும் நல்லா இருந்துச்சா?"

"சாம்பார்ல உப்பு இல்ல."

"நல்லா வேணும்."

மதிப்பெண் போட்டாயிற்று. இனி மாற்ற முடியாது. ஆனாலும் அந்த ஒரு ஷாட்டைத் தனக்காகவாவது எடுத்துவிட வேண்டும் என்கிறாள். அதற்கு என் நரை திரும்ப வர வேண்டும். வாரம் ஒரு முறை வீடியோ காலில் வந்து, "தாத்தா, கண்டினியூட்டி காட்டுங்க" என்கிறாள். நான் தலையைக் குனிந்து, இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டுகிறேன். அடியில் வெள்ளை, நுனியில் கறுப்பு. "அணில் மாதிரி இருக்கு. இன்னும் வளரணும்" என்று சொல்லி வைத்துவிடுகிறாள்.

நேற்று சலூன்காரர் வாசலில் நின்று கூப்பிட்டார். "சார், பாக்கச் சகிக்கல. இங்கிட்டு வாங்க, ஒரு நிமிசத்துல அடிச்சு விட்டுர்றேன்."

"வேணாம்ப்பா" என்றேன். "ஷூட்டிங் பாக்கி இருக்கு."