பெஞ்சு போட வேண்டிய இடத்தில் நான்

அடுப்பு எரிந்துகொண்டிருக்கும் கடையைச் சர்க்கார் இடிக்கக் கூடாது என்று சட்டம் இருப்பதாக நான் மனதார நம்பினேன். அதைச் சொன்னவர் வக்கீல் அல்ல. மலையிலிருந்து ஒட்டன்சத்திரம் மண்டிக்கு முட்டைக்கோஸ் ஏற்றிப்போகும் லாரி டிரைவர். "கடப்பாரையோட வந்தவங்க, உலை கொதிக்கிறதப் பாத்துட்டு அப்படியே திரும்பிட்டாங்கண்ணே. கொதிக்கிற உலையில கைவைக்கச் சட்டத்துல எடமே இல்ல" என்றார். அந்தச் சட்ட ஆலோசனைக்கு இரண்டு வடையை இனாமாகக் கொடுத்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி. கொடைக்கானல் ஏரியில் படகு ஏறும் துறைக்கு நேர் எதிரே, ரோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவிலிருந்த புல்தரையில் என் டீக்கடை. நாலு மூங்கில், மேலே தகரம், கீழே நான். படகிலிருந்து நடுங்கிக்கொண்டு இறங்குகிறவன் கண்ணில் முதலில் படுவது என் கொதிக்கும் பாய்லர்தான். அந்த இடம் போனால் எனக்கு வேறு பிழைப்பில்லை.

ஒரு ஜனவரியில், புல்லில் உறைபனி வெளுத்துக் கிடந்த காலையில், முனிசிபாலிட்டி ஓவர்சியர் டேப்பும் சுண்ணாம்பு வாளியுமாக வந்தார். ஏரிக்கரையை அழகுபடுத்தப் போகிறார்களாம். ரோட்டோரம் கல் சுவர், தண்ணீரோரம் இரும்புக் கம்பி, நடுவே நடைபாதை, பூப்பாத்தி, பெஞ்சு. சொல்லிக்கொண்டே சுண்ணாம்புக் கோடு போட்டார். கோடு என் கடைக்கு முன்னால் போய், பக்கவாட்டில் திரும்பி, பின்னால் சுற்றி வந்து சேர்ந்தது. செத்தவனைச் சுற்றிப் போலீஸ் கோடு போடுமே, அதேதான்.

"புதன்கிழமை காலையில பத்து மணிக்கு எல்லாக் கடைக்காரங்களும் ஆபீசுக்கு வந்துடுங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரிசையாக் கடை கட்டித் தர்றோம். யாருக்கு எந்த நம்பர்னு சீட்டுக் குலுக்குறோம்" என்றார்.

நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். எல்லோரையும் ஆபீசுக்கு வரவழைப்பது, அந்த நேரத்தில் இங்கே கடப்பாரையை இறக்குவது. பழனி மலையே பிறந்ததிலிருந்து பார்க்காத தந்திரத்தை நான் ஒருவன் கண்டுபிடித்துவிட்டேன்! அன்றைக்கே வீட்டிலிருந்து கம்பளியையும் இரண்டு கட்டு விறகையும் கடைக்குக் கொண்டுவந்து போட்டேன். அடுப்பு அணையாது, ஆள் நகர மாட்டான் என்று தீர்மானம்.

கொத்தனார்கள் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. அவர்கள் பாட்டுக்கு வேலை பார்த்தார்கள். முதல் நாள் சுவர் என் முழங்கால் உயரம். மறுநாள் இடுப்பு. மூன்றாம் நாள் கழுத்து. முதுகுப் பக்கம் தண்ணீரோரமாக ஒரே நீளத்தில் இரும்புக் கம்பி ஓடிவிட்டது. இரண்டு பக்கமும் பூப்பாத்திக்குப் பள்ளம் வெட்டி, சாணியும் செம்மண்ணும் குழைத்துக் கொட்டிவிட்டார்கள். கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும். ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் சுவருக்கு மேல் என் தலையும் கொஞ்சம் புகையும்தான். ஒரு வெள்ளைக்காரம்மா நின்று, என்னை அதிசயமாகப் பார்த்துவிட்டுப் போனாள். டீ வேண்டுமா என்று கையை ஆட்டினேன். பதிலுக்கு அவளும் கையை ஆட்டினாள்.

கிராக்கி இல்லை. நான் போட்ட டீயை நானே குடித்தேன். குடித்தால் ஒதுங்கப் போகவேண்டும். ஒதுங்கப் போனால் கடையை யார் பார்ப்பது? சேற்றைத் தாண்டிப் புதர்வரை ஓடும்போது மூன்று அடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்ப்பேன். அவசரத்தில் கையிலிருந்த கரண்டியைக்கூட வைக்காமல் ஓடிய நாளும் உண்டு.

மத்தியானம் என் மனைவி தூக்குச்சட்டியோடு சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பாள்.

"கோட்டைக்குள்ள இருக்கிற ராசாவே, கஞ்சி வந்திருக்கு. எந்த வாசல் வழியா வரணும்?"

"எக்கிக் குடு. சத்தம் போடாத."

"ஊரே பாத்துச் சிரிக்குது, நான் சத்தம் போட்டாத்தான் குத்தமா? ஏங்க, எல்லாரும் புதன்கிழமை சீட்டுக்குப் போறாகளே, நீங்க போகலையா?"

"அது பொறி. உனக்குத் தெரியாது."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். சுவருக்கு மேலே தெரிந்தது தலை மட்டும்தான் என்பதால் அதிகம் பார்க்க வேண்டியிருக்கவில்லை. "பொறிக்குள்ள யாரு இருக்கான்னு எனக்கு நல்லாவே தெரியுது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

புதன்கிழமை வெள்ளனே பக்கத்துக் கம்பளிக் கடை பாய் வந்து கூப்பிட்டார். புதுச் சட்டை, தலையில் வெள்ளைத் தொப்பி, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி.

"மாப்ளே, வெரசா வாங்க. பேரு கூப்பிடுற நேரத்துல ஆள் இல்லாட்டி சிக்கலாயிரும்."

"பாய், நீங்க வெகுளி. நீங்க போனதும் இங்க கடப்பாரை வரும் பாருங்க."

"வந்தா வரட்டும்யா. தகரத்துக்கா காவல் கெடக்கீங்க? எடத்துக்குல்ல போகணும்!"

நான் அசையவில்லை. அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். ஏரிக்கரையில் அன்று ஒரு கடையிலும் ஆள் இல்லை. கொத்தனார்கள்கூட இல்லை. பனிமூட்டம் இறங்கி ஏரியை மூடியது, ரோட்டை மூடியது, கடைசியில் சுவரையும் மூடியது. பத்து மணி அடித்தது. விறகைத் தள்ளித் தள்ளி அடுப்பைக் கொழுந்துவிட்டு எரியவைத்தேன். காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கடப்பாரைக்காரன்தான் என்று கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வந்தது ஒரு குதிரை. அதுவும் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

மத்தியானத்துக்கு மேல் ஓவர்சியர் வந்தார். கூடவே பாய்.

"என்னய்யா மனுசன் நீ? மூணு தடவை பேரு கூப்பிட்டோம். மூணு தடவையும் இந்த பாய்தான் எந்திரிச்சு, 'வந்துருவாரு சார், வந்துருவாரு சார்'ங்கிறாரு!"

"கடையை இடிச்சிருவீங்கன்னு..."

"இதை இடிக்க ஆள் வேற வேணுமா? நல்லாத் தும்முனா விழுந்துரும். லைன் போட்டது பெஞ்சுக்குய்யா. நீ உக்காந்திருக்கியே, அதே எடத்துல பெஞ்சு வருது."

பாய் மெதுவாகச் சொன்னார்: "படகுத் துறைக்கு எதிர்ல இருக்கிற ஒண்ணாம் நம்பரு எனக்கு விழுந்துருச்சு மாப்ளே. நீங்க வந்திருந்தா உங்களுக்கே விழுந்திருக்குமோ என்னமோ." அவர் முகத்தில் சந்தோஷத்தைக் காட்டக் கூச்சம். எனக்கு அதைப் பார்க்கத் தைரியமில்லை.

கடையை யாரும் இடிக்கவில்லை. மறுநாள் நானே பிரித்தேன். தகரத்தையும் மூங்கிலையும் சுவருக்கு மேல் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுக்க, பாயும் என் மனைவியும் அந்தப் பக்கம் வாங்கி வைத்தார்கள். கடைசியாகக் கொத்தனார்களின் ஏணியில் ஏறி நானும் வெளியே வந்தேன். குலுக்கலுக்கு வராதவருக்கு மிச்சமிருந்த நம்பர் என்று எழுதிக் கொடுத்தார்கள். அது வரிசையின் கடைசிக் கடை, குதிரைகளைக் கட்டும் இடத்துக்குப் பக்கம். அங்கிருந்து ஏரி தெரியாது. பதினோரு வருஷம் அங்கேதான் டீ விற்றேன்.