இல்லை என்று நான் சொன்ன சொல்

மாசாயில் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு மாணவர்களுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். அங்கே நடத்திய ஒரு பாடவேளையை இன்னும் மறக்க முடியவில்லை.

பிள்ளைகளைச் சொற்பட்டியல் மனப்பாடம் செய்ய வைப்பது எனக்குப் பிடிக்காது. ஒரு சொல்லைப் பிரித்துக் காட்டினால் அவர்களே பத்துச் சொல் கட்டுவார்கள். 'மாக்கான்' என்றால் சாப்பிடு, பின்னால் 'ஆன்' சேர்ந்து 'மாக்கானான்' ஆனால் உணவு என்று மலாய்ப் பாடத்தில் ஏற்கெனவே படித்திருந்தார்கள். தமிழிலும் அப்படித்தான் என்று தொடங்கினேன். நீதிக்கு முன்னால் 'அ' வந்தால் அநீதி. 'ஓட்டு' என்ற அடிச்சொல்லோடு 'நர்' சேர்ந்தால் ஓட்டுநர். பிறகு அனுப்புநர், பெறுநர், இயக்குநர். இரண்டு வாரத்தில் வகுப்பு சந்தைக்கடை ஆனது. ஓய்வு நேரத்தில்கூடச் சிற்றுண்டிச்சாலை வரை துரத்திக்கொண்டு வந்து புதுச்சொல் சொன்னார்கள்.

தலைமையாசிரியருக்கு இது தெரியவந்ததும், பாடத்தைப் பார்க்க மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரியை அழைத்துவிட்டார். உடனே எங்கள் பாடக்குழுத் தலைவி இருபது சொற்களைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தார்.

"இதைத் தாண்டி ஒரு சொல்லும் வரக்கூடாது டீச்சர். விடை தெரிஞ்சவங்க வலது கையத் தூக்கட்டும், தெரியாதவங்க இடது கை. நீங்க வலது கையா பார்த்துக் கேளுங்க. எல்லாரும் கை தூக்கினாத்தான் பார்க்க நல்லா இருக்கும் லா."

நான் மறுக்கவில்லை. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு மூன்று நாள் ஏமாற்றக் கற்றுக்கொடுத்தேன்.

எல்லாம் ஒத்திகைப்படியே நடந்தது. பாடம் முடியும் நேரத்தில் அதிகாரி எழுந்து, "புதுசா ஒரு சொல்லு யாராச்சும் சொல்லுங்க பார்ப்போம்" என்றார்.

அதிகம் பேசாத ஒரு சிறுமி எழுந்தாள்.

"கழுவுநர்."

"அப்படின்னா?"

"கழுவுறவங்க சார். எங்கம்மா தெப்ராவ்ல ஒரு சாப்பாட்டுக் கடையில தட்டு, மங்கு கழுவுறாங்க. அவங்க கழுவுநர்."

அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார். "மங்கு கழுவுறதுக்குப் பட்டம் வேறயா?"

தலைமையாசிரியரும் சிரித்தார். பாடக்குழுத் தலைவி வாயைப் பொத்திக்கொண்டார். பெரியவர்கள் சிரித்ததால் பிள்ளைகளும் சிரித்தார்கள். அந்தச் சொல்லைக் கட்டியதில் ஒரு பிழையும் இல்லை. நான் கற்றுக்கொடுத்தபடியேதான் கட்டியிருந்தாள். அவள் என்னையே பார்த்தாள்.

"அப்படி ஒரு சொல் இல்லம்மா, உட்காரு" என்றேன். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

பிறகு ஆசிரியர் அறையில் விருந்து. அதிகாரி கறிபாப் பலகாரத்தின் எண்ணெயை விரலிலிருந்து நக்கியபடி, "உங்க முறை நல்லா இருக்கு டீச்சர். மத்த பள்ளிகளுக்கும் போய்ச் செஞ்சு காட்டுங்க" என்றார். மிச்சம் வைத்த தட்டில் கைதுடைத்த தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு எழுந்தார். நான் பல்லை இளித்து "நன்றி சார்" என்றேன். அவர்மேல் வந்த அருவருப்பைவிட என்மேல் வந்ததுதான் அதிகம்.

மறுநாள் காலையில் அந்தச் சொல்லை வெண்பலகையில் பெரிதாக எழுதினேன். "நேற்று நான் சொன்னது தப்பு. இது சரியான சொல்" என்றேன். பின்வரிசையில் இரண்டு பேர் கிளுகிளுவென்று சிரித்தார்கள். அந்தச் சிறுமி எழுந்து என் மேசைக்கு வந்தாள்.

"அழிச்சிடுங்க டீச்சர்."

"சரியான சொல்தானேம்மா."

"தெரியும் டீச்சர். எல்லாரும் என்னை அப்படித்தான் கூப்பிடுறாங்க."

அழித்தேன். அந்த இருவரையும் வெளியே அழைத்துக் கண்டித்தேன். மற்ற பள்ளிகளுக்குப் போகமாட்டேன் என்று தலைமையாசிரியரிடம் சொல்லி, காரணத்தையும் சொன்னேன். கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சின்ன விஷயம் லா டீச்சர். பிள்ளைங்க மறந்துடுவாங்க" என்றார்.

அதன்பிறகு அவள் சொந்தமாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆண்டிறுதிச் சோதனையில் பட்டியலில் இருந்த சொற்களை மட்டும் எழுதியிருந்தாள். முழுப் புள்ளி. 'மிக நன்று' என்று சிவப்பு மையில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.